எட்டாவது அடுக்கு

மாலை நாலே முக்கால். டிசம்பர் மாதம். மினசோட்டாவின் வடகோடியில் அந்நேரத்துக்கே கும்மிருட்டு. இரும்புச் சுரங்கத்திலிருந்து ஊருக்குப் போகும் பதினெட்டு மைல் சாலையில் ஒரு விளக்கு கிடையாது... பைன் மரங்களும் பனியும்தான்.

என் சிநேகிதி ஐலியின் சித்தி வெர்னாவுக்கு நடந்தது இது. சுரங்க அலுவலகத்தில் அறையை அடைத்து நிற்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு அவள்தான் ஆபரேட்டர். பனிப்புயல் வருகிறதென்று மதியமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வெர்னா மட்டும் இருந்தாள்.

போன் அடித்தது. புரோகிராமர் ஐனோவின் மனைவி கைசா.

"வெர்னா, அவர் இன்னும் வீட்டுக்கு வரல. அங்கதான் இருக்காரா?"

"ஒரு மணிக்கே கிளம்பிட்டானேம்மா."

தேடிப் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

போகும் இடத்தை எங்காவது குறித்து வைத்திருப்பானோ என்று, வெர்னா கம்ப்யூட்டரில் அவன் கோப்புகள் இருக்கும் டைரக்டரியைப் பட்டியல் போட்டாள். கட்டளையில் பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்தால், உள்ளுக்குள் இருக்கும் டைரக்டரிகள் எல்லாம் அடிவரை வரும்.

வழக்கமான பெயர்கள் ஓடின. கடைசியில் புதிதாக ஒன்று. 'பழைய பாலம்'. உருவான நேரம் 4:52.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 4:52.

கம்ப்யூட்டருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரே பெயர்தான் வந்தது. அவள் பெயர்.

மறுபடி பட்டியல். பாலத்துக்குள் 'இடது'.

மறுபடி. அதற்குள் 'பைன் மரங்கள்'.

ஒவ்வொரு தடவை தட்டும்போதும் ஒரு அடுக்கு கீழே... 'ஏரி'. 'கரை'. கம்ப்யூட்டரின் காற்றாடிகள் இரைந்தன. மூடிய அறையில் பாசித் தண்ணீர் வாடை அடித்தது. அவள் விரல்கள் விறைத்துப் போயின.

'கார்'.

ஐனோவின் டைரக்டரியையும் சேர்த்து எட்டு அடுக்குக்குக் கீழே அந்தக் கம்ப்யூட்டர் விடாது. எட்டாவதில் வந்த பெயர்... 'சீக்கிரம்'.

ஷெரீஃபின் போலீஸ் அலுவலகத்தில் போனை எடுத்தவன் ரூடி.

"பழைய பாலத்துக்கு இடப்பக்கம், ஏரிக்கரையில பாருங்க. ஐனோ கார் அங்க கிடக்கு."

"யார் சொன்னது உங்களுக்கு?"

"தெரியல ரூடி. தயவு செஞ்சு போங்க."

போனார்கள். கார் பனிக்கட்டிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. ஐனோவின் இரண்டு காலும் நசுங்கி மாட்டியிருந்தன. உடம்பு கட்டையாகிவிட்டது... ஆனால் மூச்சு இருந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது என்றார் டாக்டர். காரின் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் பக்கத்து சீட்டில் மட்டும் தண்ணீர் தேங்கி உறைந்திருந்ததை ரூடி பார்த்தான்.

மூன்றாம் நாள் வெர்னா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கைசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கைசா காபி வாங்க வெளியே போனதும், ஐனோ மெதுவாகப் பேசினான்.

"யாரோ ஒரு பொண்ணு, வெர்னா. பக்கத்துல வந்து உட்கார்ந்தா. கதவு திறந்த சத்தமே கேட்கல. தலைமயிர்லேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு... என் பாஸ்வேர்டைக் கேட்டா. சொன்னேன்."

வெர்னா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்தாள்.

"ஆபீஸ்ல இப்ப யாரு இருப்பாங்கன்னு கேட்டா. உங்க பேரைச் சொன்னேன்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"அப்புறம்... உங்க வீடு எங்க இருக்குன்னு கேட்டா. அதையும் சொல்லிட்டேன்."