மூன்றாவது பிரதி

டீயில் சர்க்கரை சற்றுத் தூக்கல், ஆனாலும் நன்றி ஐயா. காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடந்தது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனைக்கு மூன்று கட்டடங்கள். நோயாளிகளின் விவரம் மூன்றிலும் கணினியில் ஒவ்வொரு பிரதியாக இருக்கும். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டும். மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆரம்பத்தில் மூன்றையும் கேட்ட பிறகே திரையில் பதில் வரும். மூன்று வினாடி ஆகும். எங்கள் பிரிவுத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. அவரை நாங்கள் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது.

“பக்கத்துல இருக்கிற பிரதியைக் காட்டினாப் போதும்பா. மத்தது பின்னாடி தானா சரியாயிடும்” என்றார். அப்படியே மாற்றினோம்.

என் தங்கைக்கு ஓர் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது. பழைய கட்டடத்தில் சேர்ந்தபோதே சொல்லியிருக்கிறாள், பதிந்தும் இருக்கிறார்கள். அறுவைக் கட்டடத்துப் பிரதிக்கு அது வந்து சேரவில்லை. மயக்கத்தில் கிடந்தவளுக்கு அந்த ஊசியையே போட்டார்கள். இருபத்தாறு வயதிலேயே போய்விட்டாள்.

விசாரணைக் கூட்டத்தில் அவசரம் வாய் கூசாமல் சொன்னார்: “கொஞ்ச நேரத்துல எல்லாப் பிரதியும் ஒண்ணாயிடுச்சே. சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.” பிறகு என் தோளைத் தட்டி, “இவருக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா” என்றார். அந்த டீயைக் குடித்தேன். வயிறு நான்கு வருடமாக எரிகிறது.

மருந்து ஒவ்வாமைக்கு மட்டுமாவது மூன்றையும் கேட்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன், ஐந்து முறை. ஐந்து முறையும் “அப்புறம் பார்க்கலாம்” என்றார். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை குடலிறக்க அறுவைக்கு வந்தார். அவருக்கும் அதே மருந்து ஆகாது. ஒருமுறை முகம் பூசணிக்காயாக வீங்கிய கதையை கேன்டீனில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். பழைய கட்டடத்தில் அதைப் பதிந்தபோது மணி ஒன்பது பத்து. ஒன்பது எட்டுக்கே, அறுவைக் கட்டடத்துப் பிரதிக்குப் போகும் தொடர்பை நான் நிறுத்திவிட்டேன்.

எதையும் அழிக்கவில்லை ஐயா. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான்.

மயக்க மருந்து டாக்டர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். “எல்லாம் சிஸ்டத்துல இருக்கு டாக்டர், பாத்துக்கோங்க” என்றாராம் அவசரம். திரையில் ‘ஒவ்வாமை: பதிவு இல்லை’ என்றிருந்தது. டாக்டர் அழுதுகொண்டே இதைச் சொன்னபோது எனக்கு மனம் குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

பத்து மணிக்குத் தொடர்பைத் திறந்துவிட்டேன்.

பக்கத்து அறுவை அறையில் இறந்துபோன பெண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அவளும் ஏதோ மருந்து ஆகாது என்று அன்று காலை பதிந்திருந்தாள். ஒருவருக்கு மட்டும் தொடர்பை நிறுத்த முடியாது, நிறுத்தினால் எல்லாருக்கும் நிற்கும். அது எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதானே. ஆனால் அவள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அவசரத்தைப் போன்றவன் அல்ல.

அவளுடைய அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரா? பாவம். பத்து மணிக்கெல்லாம் மூன்று பிரதிகளும் ஒன்றாகிவிட்டன என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அப்படியே அவருக்கும் ஒரு டீ சொல்லுங்கள் ஐயா.