ஒப்பிட ஒரு பகுதி

இந்த வேலைக்கு எதற்கு முனைவர் பட்டம் என்று முதலில் கேட்டவள் என் மனைவி. "பட்டம் வாங்கிட்டா குழாய்ல பாலா வரப் போகுது?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். நகரத்தின் குடிநீரைக் கவனிக்கும் சுகாதார அதிகாரிக்குப் பட்டத்தால் சம்பளமும் ஏறாது, பதவியும் ஏறாது. அவள் கேட்டது நியாயம்தான்.

ஆனால் அலுவலகத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில் அவள் இல்லை. தொட்டிகளில் குளோரின் கலக்கும் கருவிகள் கிழடுதட்டிவிட்டன, மாற்றாவிட்டால் மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவும் என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தியவன் நான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று வெளியிலிருந்து வந்த ஒரு முனைவர் அதையே சொன்னார். மேலதிகாரி பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்த வாரமே குளோரினும் வயிற்றுப்போக்கும் பற்றிய ஆய்வுக்குப் பதிவு செய்தேன்.

புதிய கருவிகள் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது என் ஆய்வு முக்கால்வாசியில் முடங்கிக் கிடந்தது. "ஒப்பிட ஒரு பகுதி வேணும். அது இல்லன்னா இது ஆய்வே இல்ல" என்று வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். வந்தவை இரண்டு கருவிகள். கிழக்குத் தொட்டிக்கு ஒன்றைப் பொருத்தினேன். மேற்குத் தொட்டிக்கானது பெட்டியோடு என் மேசைக்கடியில் இருந்தது. கால் வைத்துக்கொள்ள வசதியான உயரம்.

மேற்குத் தொட்டியின் ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "சார், பழைய மெஷின் நின்னே போச்சு. பிளீச்சிங் பவுடரைக் கையால கரைச்சு ஊத்தட்டுமா?"

"வேண்டாம்ப்பா. அளவு தப்பினா ஆபத்து. புதுசு வந்துடும்."

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மழை தொடங்கியதும் மேற்குப் பக்கம் வயிற்றுப்போக்கில் படுத்தது. தினமும் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சொன்னால் ஒப்பீடு கெட்டுவிடும். அந்தப் பக்கம் குடியிருந்த என் அக்காவை மட்டும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். "அக்கா மேல திடீர்னு என்ன இவ்வளவு பாசம்?" என்று மனைவி கிண்டலடித்தாள்.

ஆபரேட்டரின் வீடும் மேற்கில்தான் என்பது, அவருடைய சின்ன மகள் இறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் விசாரித்துவிட்டு நேராக அலுவலகம் வந்து, பெட்டியைப் பிரித்துக் கருவியை வெளியே எடுத்து வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடியச் சில வாரங்களே பாக்கி. இப்போது நிறுத்தினால் அந்தப் பிள்ளை போனதும் வீணாகிவிடும் என்று தோன்றியது. திரும்ப உள்ளே வைத்து ஒட்டினேன்.

அதற்குப் பிறகும் குழந்தைகள் போயின. நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். என்னால்தான் போயின.

குளோரின் இல்லாத தண்ணீர் கெடுதல் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்ததாயிற்றே என்கிறீர்கள். தெரியும்தான். எங்கள் தண்ணீரில் அதை யாரும் நிரூபித்ததில்லை. நான் எதையும் மறைக்கவும் இல்லை. மேற்குத் தொட்டிக்குக் கருவி பொருத்தாமல் வைத்ததை ஆய்வேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஒப்பீடு சுத்தமாக இருக்கிறது என்று தேர்வாளர்கள் பாராட்டினார்கள். இப்போது நான் வாயைத் திறந்தால் மேலதிகாரி பேனாவைத் திறக்கிறார். எல்லாத் தொட்டிகளுக்கும் கருவி வந்துவிட்டது.

அச்சான பிரதி ஒன்றை ஆபரேட்டருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றியுரையில் அவர் மகளின் பெயரைச் சேர்த்திருந்தேன். அவர் அந்தப் பெயரை விரலால் தடவினார். பிறகு உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; தொந்தரவு செய்யாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தது அவர்தான் என்கிறீர்கள். பாவம், ஆய்வேடு படித்துப் பழக்கமில்லாதவர். என்னை ஒரு முறை அவரிடம் பேச விடுங்கள், புரிய வைத்துவிடுகிறேன்.