இடிக்கப்போகும் லயத்துக்குப் புதுத் தகரம்

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் புருஷனுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை போலிருக்கிறது. அவள்தான் ஆரம்பித்தாள்.

“அக்கா, ஒங்க லயத்து வரிசை வீட்ட இடிக்கிறதுக்கு முன்னால ரிப்பேர் பண்ணப் போறாங்களாம்.”

“இடிக்கப் போறதுக்கு எதுக்கு புள்ள ரிப்பேரு?”

“சுவரு சாஞ்சிருக்குல்ல? இடிக்க வர்றவங்க மேல விழுந்துறக் கூடாதுன்னு முட்டுக் கம்பு, கூரைக்குப் புதுத் தகரம், அவங்க தலைக்குத் தொப்பி, எல்லாம் எஸ்டிமேட்ல இருக்காம். எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வந்து சொன்னாரு.”

“அந்தச் சுவத்தோரமாத்தான் எம் பேரன் தூங்குறான். அவன் மேல விழாதாமா?”

“அளக்க வந்த ஐயாகிட்ட நீங்க சொல்லலையா?”

“அவரு எங்க உள்ள வந்தாரு? பயமா இருக்குன்னு வாசல்லயே நின்னுக்கிட்டு, டேப்போட ஒரு முனைய எங்கையில குடுத்து, நீ உள்ள போய்ப் புடிம்மான்னாரு. புடிச்சேன்.”

இளையவள் சிரித்துவிட்டாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

“இடிக்கிற அன்னைக்கு நாங்க எங்க போறதாம்?”

“அது எஸ்டிமேட்ல இல்லையாம்க்கா.”

பஸ் நின்றது. மூத்தவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப ஒம் புருஷன்கிட்ட சொல்லி வையி. கம்பையும் தகரத்தையும் போட்டுட்டு, இடிக்கிறத மட்டும் விட்டுறட்டும். இருவது வருசமா நாங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்தது அதத்தான்.”