மூக்கு கனத்த கார்

மாமா: பேட்டரியை டிக்கிக்கு மாத்திடு மாப்ள.

மாப்ள: எதுக்கு மாமா? இந்த வயசுல ரேஸுக்குப் போறீங்களா?

மாமா: சிரிக்காதடா. கார் மூக்கு கனமா இருக்கு. வளைவுல திருப்பினா முன்னாடி அப்படியே வெளிய தள்ளுது. பிரேக்கை மிதிச்சா தலைகுப்புறக் கவுந்த மாதிரி குத்துது.

மாப்ள: யாரு சொன்னா?

மாமா: உங்க அக்காதான். வேற யாரு. பின் சீட்டுல படுத்துட்டு வர்றவளுக்குத்தானே தெரியும்.

மாப்ள: டயர் மாத்தினோமே...

மாமா: மாத்தினோம்.

மாப்ள: ஷாக் அப்சார்பர் நாலும் புதுசு. நானே என் கையால போட்டேன்.

மாமா: போட்ட. அவளும் ரெண்டு தடவை பரவால்லன்னு சொன்னா. அப்புறம் பழையபடி, காரு தூக்கிப் போடுதுங்கறா.

மாப்ள: சீட்டுக்குக் கூட மெத்தை...

மாமா: எல்லாம் ஆச்சுடா. இன்னும் மிச்சம் பேட்டரிதான். முன்னாடி இருக்கற பாரத்தைப் பின்னாடி கொண்டு போனா வண்டி சமமா நிக்கும்ல?

மாப்ள: நிக்கும். கொஞ்சம். பதினஞ்சு கிலோ மாமா, மலையையா நகர்த்தறோம்? நீங்களும் அக்காவும் ஏறினா அந்த வித்தியாசமே தெரியாது.

மாமா: கொஞ்சம் போதும்.

மாப்ள: வேலை ஒண்ணும் சின்னது இல்ல. தடி கேபிள் வேணும். டிக்கியிலருந்து தரைவிரிப்புக்கு அடியில இழுத்து இஞ்சின் வரைக்கும் கொண்டு போகணும். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் வைக்கணும், இல்லன்னா எங்கயாவது உரசினா நெருப்புதான்.

மாமா: வை.

மாப்ள: ஆசிட் வாடை உள்ள வரக் கூடாது. மூடின பெட்டி, அதுக்கு ஒரு குழாய், வெளிய விடணும். அக்கா மூக்குக்கு நேரா இருக்கும்ல.

மாமா: சரி, வை.

மாப்ள: அந்தக் கேபிள் இப்போ எங்கயும் கிடைக்கல மாமா.

மாமா: கிடைக்கறப்போ வாங்கு.

மாப்ள: நாலஞ்சு நாள் ஆகும்.

மாமா: ஆகட்டும்.

மாப்ள: பெட்டி வேற செய்யக் குடுக்கணும். வெல்டர் ஊர்ல இல்ல. ஒரு வாரம் கூட ஆகலாம்...

மாமா: அவசரப்பட்டு அரைகுறையா செய்யாத. நிதானமா செய். என்னடா பாக்கற?

மாப்ள: இல்ல... போன தடவை ஷாக் அப்சார்பருக்கு ஒரு மதியம் லேட்டானதுக்கு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சீங்க. பொறுப்பு இருக்கா, நாலு எழுத்து படிச்சிருக்கியான்னு.

மாமா: அன்னைக்கு வேற.

மாப்ள: நாளைக்கு ஆஸ்பத்திரி நாள் மாமா. மருந்து ஏத்தணும்.

மாமா: தெரியும்.

மாப்ள: காரு இங்க கழட்டிக் கிடந்தா எப்படிப் போவீங்க?

மாமா: பாத்துக்கலாம்.

மாப்ள: என் வேனை எடுத்துட்டுப் போங்களேன்.

மாமா: அதுல அவளால படுக்க முடியாது.

மாப்ள: டாக்சி?

மாமா: டாக்சிக்காரன் ஓட்டற ஓட்டுக்கு... வேணாம்டா. விடு. ஸ்பானர் எது, பத்தாம் நம்பரா? நீ கழட்ட ஆரம்பி.

மாப்ள: இருங்க. ஒண்ணு கேக்கறேன். டிக்கியில பேட்டரிப் பெட்டி வந்துட்டா சக்கர நாற்காலி எங்க வைப்பீங்க?

மாமா: பின் சீட்டுல போட்டுக்கலாம்.

மாப்ள: பின் சீட்டுல அக்கா படுப்பா.

மாமா: முன் சீட்டுல... மடிச்சு...

மாப்ள: அது அங்க நுழையாது. உங்களுக்கே தெரியும். வாராவாரம் மடிச்சுத் தூக்கி வைக்கறது நீங்கதான். இதைக் கூட யோசிக்காம வந்திருக்கீங்கன்னா... அவளைக் கூட்டிட்டுப் போற எண்ணமே இல்லையா?

மாமா: சத்தம் போடாதடா.

மாப்ள: போடுவேன். டயர் வாங்க அலைஞ்சீங்க, மெத்தைக்கு அலைஞ்சீங்க, ராத்திரி பகல் பாக்காம ஓடினீங்க. இப்போ கை கழுவிட்டீங்களா?

மாமா: கை கழுவறதா? நாக்கை அடக்கிப் பேசு. அவளைத் தூக்கிப் படுக்க வைக்கறப்போ எலும்பு மட்டும்தான்டா கையில வருது. ஒவ்வொரு பள்ளத்துலயும் கண்ணாடி வழியா அவ மூஞ்சியைப் பாக்கறேன். உதட்டைக் கடிச்சுப்பா. வீட்டுக்கு வந்து, வலிக்குதான்னு கேட்டா, காரு சரியில்லங்கன்னு சொல்லுவா. நானும் மடையன் மாதிரி டயர் மாத்தினேன். நிஜமாவே காருதான்னு நம்பினேன்டா. நம்பாம எப்படி இருக்கறது? டேய், அழாத. கிரீஸ் கையோட கண்ணைத் துடைக்காத, எரியும்.

மாப்ள: மாமா... அந்தக் கேபிள் இருக்கு.

மாமா: என்ன?

மாப்ள: அந்த ரேக்குல, மேல் தட்டுல. சுத்தி வச்சது அப்படியே இருக்கு. பெட்டியும் பழசு ஒண்ணு கிடக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவேன். கிடைக்கலன்னு சும்மா சொன்னேன். வெல்டர் எங்கயும் போகல.

மாமா: ஏன்டா?

மாப்ள: காலையில அக்கா போன் பண்ணா. மாமா காரைக் கொண்டு வருவாரு, எப்படியாவது இழுத்தடி, நாளைக்கு அது ஓடக் கூடாதுன்னா. போதும்டா, இனிமே என்னால அங்க போக முடியாது, அவர்கிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவாரு, நீ சொல்லிடாதன்னு... என்மேல சத்தியம்னு வாங்கிட்டா மாமா. நீங்க சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க பாட்டுக்கு ஆகட்டும், ஆகட்டும்னீங்க. வேன், டாக்சின்னு கேட்டு ஆழம் பாத்தேன், அதுக்கும் வேணாம்னுட்டீங்க... எனக்கு ஒண்ணுமே புரியல.

மாமா: நேத்து என்கிட்டயும் அதே சத்தியத்தை வாங்கினாடா. வர மாட்டேன்னு நான் சொன்னதா தம்பிக்குத் தெரிய வேணாம், அவன் தாங்க மாட்டான், அவன்கிட்ட காரைக் கழட்டிப் போட ஏதாவது பெரிய வேலையா குடுங்கன்னு சொன்னா... கழட்டு மாப்ள. நான் பிடிச்சுக்கறேன்.