சிப்பி பெத்த வெள்ளை

மொதல்ல மோரைக் குடிங்க வக்கீலய்யா. அந்தக் கேள்வி எங்கிட்டும் ஓடிப்போயிறாது, இங்கனயேதான் கெடக்கும். புதுக்கோட்டையிலேருந்து அந்த ஓட்டை பஸ்ஸுல குலுங்கி வந்துருக்கீங்க. ஒரு வாய் நனைக்காம, வந்ததும் வராததுமா புருசன் பேரு என்னன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? என் பேரு செவந்தி. ஊரு ஆலங்குடி. கடலை மண்டியில ஒடைக்கிற வேலை. இதெல்லாம் எழுதியாச்சுல்ல? அந்த ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் எடம் விட்டு வைங்க.

நெத்தியைச் சுருக்காதீங்க. திருச்சி கோர்ட்டுல கூண்டுல ஏத்துனதும் மொத வேலையா அதைத்தான் கேப்பாகன்னு சொல்றீங்க, சரி. பக்கத்து வீட்டுக் காத்தாயியைக் கூட்டியாறேன், அவ சொல்லக் கூடாதா? கூடாதா? சாட்சி வாயாலதான் வரணுமாக்கும். நல்ல சட்டம்.

வீம்பு இல்லைங்க. வாயில வரலை. ஏன், ஒங்க வீட்டம்மா ஒங்க பேரைச் சொல்லுவாகளா? பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. ஆனா ஒங்க வீட்டம்மாவுக்குக் கஷ்டமில்லை, ஒங்க பேரு ஒங்களோட நின்னுக்கிரும். எங்க வீட்டு ஆளுக்கு வச்சாக பாருங்க ஒரு பேரு, தொட்டதுக்கெல்லாம் வந்து நிக்கும். வேப்பமரத்தடியில விழுந்து கெடக்குமே, ஊரே அதை ஒரு பேரு சொல்லும், நான் வேப்பங்கொட்டைம்பேன். வெளக்கெண்ணெய் ஆட்ட ஆமணக்குல எடுப்பாகளே, அதுவும் எனக்குக் கொட்டைதான். மாரியாத்தாளை எல்லாரும் முன்னால ஒரு சொல்லைச் சேத்துத்தான் கும்புடுவாக, நான் வெறும் மாரியாத்தாம்பேன். அவ வந்து என் ஒடம்பு பூரா வெளையாண்டப்ப, எத்தனை எறங்கிருக்குன்னு மாமியா கேட்டாக. ஆத்தா போட்டதைப் போயி கொப்புளம்னு சொல்லி ஏச்சு வாங்குனேன்.

அதேதாங்க. சிப்பிக்குள்ள வெளையுமே, அதுதான் அவுக பேரு. பாதிப் பேரு. பின்னால இன்னும் கொஞ்சம் இருக்கு. நீங்க தாராளமாச் சொல்லுங்க, ஒங்களுக்கென்ன.

மண்டியில இதை வச்சு ஓட்டாத ஓட்டா ஓட்டுனாளுக. செவந்தி, மணமேல்குடிக் கடல்ல என்னடி எடுப்பாகன்னு கேப்பாளுக. மீனுடி, ஒனக்கு வாய்க்காத மீனுன்னு சொல்லிட்டு நான்பாட்டுக்கு ஒடைப்பேன்.

அவுக போனது எப்பவா? சமஸ்தானத்தைக் கலைச்சாகளே, அந்த வருசம். மணமேல்குடியில தோணி ஏறுனாக, சீலோனுக்கு. கொழும்புல கடைக்கு ஆளு கேக்குறாகன்னு ஒருத்தன் சொன்னானாம். பாஸ்போட்டா? அட போங்கய்யா, கள்ளத்தோணிதான். அந்த ஊரு மரைக்காயர் வீட்டு ஆளு ஒருத்தரும் அதே தோணியில கூடப் போனாரு. போய்ச் சேந்தாச்சுன்னு ஒரு சேதி வரலை. ஆடிக்கு வரும்னு பாத்தேன், தைக்கு வரும்னு பாத்தேன். அதுக்குள்ள தோணி கவுந்துருச்சுன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாக. யாரு கண்டா? அவுக அண்ணன் வந்து, தாலியைக் கழட்டிட்டு ஆகவேண்டியதைச் செஞ்சுருவோம்னாரு. நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன். பாக்கலைன்னாரு. அப்பச் சோத்தைத் தின்னுட்டுக் கெளம்புங்கன்னுட்டேன்.

அப்பறம் ஒரு கூத்து நடந்துச்சு. தலைக்கணக்கு எடுக்க ஒரு ஆபீசரு வந்தாரு. அவரும் ஒங்களை மாதிரியேதான், புருசன் பேரைக் கேட்டாரு. காத்தாயி சொன்னா, எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு, லேட்டான்னு கேட்டாரு. நமக்குத் தெரிஞ்ச லேட்டு பஸ்ஸு லேட்டுதானே. ஆமாங்க, ரொம்ப லேட்டு, ஆனா வந்துருவாகன்னேன். அந்த மனுசன் பேனாவை மூடிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. செத்தவுகளுக்கு முன்னால போடுற வார்த்தை அதுன்னு நாடகக் கம்பெனி ரெங்கராஜ் மொதலாளி சொல்லித்தான் எனக்குப் பின்னாடி தெரியும். மண்டியே உருண்டு சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன்.

கேஸு நடக்குற அந்தப் பாட்டுக்கு வாரேன், இருங்க. கை கடலையை ஒடைக்கும், வாய் சும்மா கெடக்குமா? அப்படி வந்ததுதான்.

சிப்பி பெத்த வெள்ளையே,
சீலோனு போனவரே,
உப்புத்தண்ணி ஓரத்துல
ஒக்காந்து கெடக்கேனே.

இப்படியே போகும். கடலு மூடிவச்ச கண்ணும்பேன், அலை தூங்கவச்ச பிள்ளைம்பேன். என்னமாக் கட்டுறாடின்னாளுக. நான் எங்கிட்டுக் கட்டுனேன்? அவுகளை நெனச்சுப் பாடணும், அந்த வார்த்தை வந்துறக் கூடாது. சாணியைப் பாத்து ஒதுங்கிப் போவோம்ல, அது மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனதுதான் அந்தப் பாட்டு.

ரெங்கராஜ் மொதலாளி அப்ப செண்பகவல்லி நாடக சபான்னு வச்சுத் தள்ளாடிக்கிட்டு இருந்தாரு. மண்டிப் பக்கம் வந்தவரு கேட்டுட்டு அப்படியே நின்னுட்டாரு. இதை நாடகத்துல போடட்டுமா தாயின்னாரு. போட்டுக்கங்கன்னேன். ராணி வேசம் கட்டுற பிள்ளை அதைப் பாடுனா, சனம் ஒன்ஸ்மோரு ஒன்ஸ்மோருன்னு உக்காரவிடாது. ஆனா என்ன பிரயோசனம்? அறந்தாங்கியில ஒரு கம்பெனி அதையே பாடுது, காரைக்குடியில இன்னொருத்தன் பாடுறான். எங்கயும் கேக்கலாம்னா இவரு கொட்டகைக்கு எவன் வருவான்? நல்ல பாட்டே மனுசனைக் கவுத்துரும் போல இருந்துச்சு.

அப்பத்தான் புதுசா சட்டம் வந்துருக்கு, கதை பாட்டெல்லாம் நெலம் மாதிரி பதிஞ்சு வச்சுக்கலாம்னு யாரோ சொல்லிருக்காக. என்னையும் புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. இந்தப் பாட்டைக் கட்டுனது செவந்தி, சபாவுக்குக் குடுத்தது அவ மனசாரன்னு வாசிச்சுக் காட்டித்தான் ரேகை வாங்குனாரு. தான் எழுதுனதுன்னு போட்டுருந்தா நான் என்ன கண்டேன்? போடலை. அதைச் சொல்லணும். எனக்குச் செய்ய வேண்டியதையும் கொறை வைக்காமச் செஞ்சாரு.

அதுக்கப்பறம்தாங்க வேடிக்கை. ஓசியில பாடுன பயலுக பூரா வாசல்ல வந்து நின்னானுக, அனுமதி குடுங்கன்னு. மதுரைப் பக்கத்துலேருந்தெல்லாம் வந்தாக. அதே பாட்டு, ஒரு எழுத்துக் கூடலை. நேத்துக் காத்தோட போனது இன்னைக்குச் சொத்தாகிப் போச்சு. மொதலாளி புதுசா சீன் படுதா எழுத வச்சாரு, சாமான் ஏத்த வண்டி வாங்குனாரு. பபூன் ராசு மகளைக் கட்டிக் குடுத்தான். ஆர்மோனியக்காரரு வீட்டுல கூரையைப் பிரிச்சுட்டு ஓடு போட்டாக. நான் அழுத அழுகையில இத்தனை வீட்டுல ஒலை கொதிச்சுச்சு. கொறையாச் சொல்லலைங்க, எனக்குச் சந்தோசம்தான். அவுக சம்பாரிச்சு அனுப்புறேன்னு போனாக. பாட்டாவது அனுப்புதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆமா, சினிமாக்காரன் வந்தது அப்பறம்தான். மொதல்ல வெலை பேசுனானாம். பேசிட்டு, வயக்காட்டுப் பாட்டுக்கு எவன் மொதலாளின்னுட்டு அவன்பாட்டுக்குப் படத்துல போட்டுட்டான். அந்த வயித்தெரிச்சல் மொதலாளிக்கு. எனக்கு அது இல்லைங்க. அவன் போட்டான் பாருங்க, போட்டவன் பாட்டை மாத்திட்டான். சிப்பி பெத்த வெள்ளைங்கிறது சனத்துக்குப் புரியாதாம், மெட்டுலயும் ஒக்காராதாம். அந்த வார்த்தையையே எடுத்து ரெண்டு தரம் அடுக்கி அதுலதான் ஆரம்பிக்கிறான். நான் எந்த வார்த்தைக்குப் பயந்து பயந்து ஒதுங்குனேனோ, அதை.

இப்ப டீக்கடையில அவுக பேரு. கல்யாண வீட்டு ரேடியோ செட்டுல அவுக பேரு. பள்ளியூடம் போற சின்னஞ்சிறுசுக கத்திக்கிட்டே போகுதுக, அவுக பேரை. காதைப் பொத்திக்கிட்டு ஓடியாந்து வீட்டுக்குள்ள உக்காந்தேன், அங்கயும் கேக்குது. எரிஞ்சு வந்துச்சு எனக்கு. புருசன் பேரைச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு எங்க ஆத்தா சொல்லித்தான் என்னை அனுப்புனா. சிரிப்பீங்க, படிச்சவுக. சிரிச்சுட்டுப் போங்க. நான் அதைச் சொல்லாம இருக்குற வரைக்கும் அவுக எங்கிட்டோ இருக்காகன்னு நெனச்சேன். கடல்ல கெடக்குற மனுசனுக்குக் கரையில இருக்கவ வேற என்ன செய்ய முடியும்?

அதனாலதான் நானே மொதலாளிகிட்டப் போயி, கேஸைப் போடுங்க, அந்த வாயை மூடுங்கன்னேன். அவரு பாட்டுக்காகப் போட்டாரு, நான் பேருக்காகப் போடச் சொன்னேன்.

அதுலயும் பாருங்க, எவ வாயோ மூடிப்போச்சு. மண்டியில எவளும் அதைப் பாடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லி அனுப்பிருக்காரு. பத்துப் பேரு பாடுறதை அந்தச் சினிமாக்காரன் ஆளு வந்து கேட்டா, பாத்தீங்களா பொதுப் பாட்டுதானேம்பானாம். ஞாயம்தான். ஆனா கடலை ஒடைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்துருக்கோம், எழவு வீடு தேவலாம். ஒன் பாட்டு எங்க வாயைக் கட்டிருச்சேடின்னு காத்தாயி கேட்டா.  

இப்ப நீங்க வந்து, தெறவுகோலே அந்த வார்த்தைதாங்குறீங்க. பாட்டு பூரா அதைப் பத்தித்தான், ஆனா ஒரு எடத்துலயும் அது வரலை. பொதுப் பாட்டா இருந்தா வந்துருக்கும். அந்தப் பேரை வச்சுருக்க ஆளோட பொஞ்சாதி கட்டுனதாலதான் வரலைன்னு காட்டுனா ஜெயிச்சுறலாம். நல்லாத்தான் கண்டுபிடிச்சீங்க. தோத்தா? பதிஞ்சதும் ரத்தாகிப் போகும், எவன் வேணாலும் பாடலாம், கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான்னு நீங்களே சொன்னீங்க. ஜெயிச்சா அந்த ரெக்காடை நிப்பாட்டலாம், அந்தப் பேரை எவனும் கூவ மாட்டான்.

ஆக, ஊரு வாயில அது வரக்கூடாதுன்னா என் வாயில வரணும். என்னய்யா இது? நான் கூண்டுல ஏறிச் சொல்லாம நிக்கிறேன், அதையே பாத்து ஜட்ஜய்யா புரிஞ்சுக்க மாட்டாகளா? மாட்டாகளா? சொன்னதைத்தான் எழுத முடியுமாக்கும், சொல்லாததை எழுத முடியாது. சரி, சரி. கோவிச்சுக்காதீங்க.

நானும் ரெண்டு மூணு நாளா அடுப்புகிட்ட நின்னு சொல்லிப் பாக்குறேன். வாய் தொறக்குது, சத்தம் வரலை.

இல்லைங்க, அழுகலை. பொகை.

ஒண்ணு சொல்றேன், கேஸுக்கு வேண்டாம், எழுதாதீங்க. தோணியில கூடப் போனாருன்னேன்ல, மணமேல்குடிக்காரரு. அவரு பொஞ்சாதி ரம்லத் பீவி. கருவாடு வாங்குற சாக்குல அப்பப்ப போயி அந்தம்மாவைப் பாத்துட்டு வருவேன். ஒங்க வீட்டு ஆளு என்ன ஆனாருன்னு நானும் கேட்டதில்லை, அந்தம்மாவும் கேட்டதில்லை. பிள்ளையோட வாப்பான்னுதான் சொல்லும், எங்க வீட்டுலன்னு சொல்லும். பேரு சொல்லி நான் கேட்டதே கெடையாது. அவுகளுக்குள்ளயும் வழக்கம் நம்மளாட்டந்தான்.

போன வாரம் போயிருந்தேன். மீனு ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் டீத்தண்ணி போட்டுக் குடுத்துட்டு மறுபடி உக்காந்து ஆஞ்சுச்சு. ஆஞ்சுக்கிட்டே சொல்லுது, இந்தக் கெழங்கான் மீனுன்னா ஜெகபர் அலிக்கு உசுருன்னு. புருசன் பேரைச் சாதாரணமாச் சொல்லுச்சு, யாரோ எதுத்த வீட்டுக்காரரைச் சொல்ற மாதிரி. கை நிக்கலை, என்னைய நிமுந்தும் பாக்கலை.  டீயைக் குடிச்சுட்டு பஸ் ஏறிட்டேன். கருவாடு வாங்குனேனா இல்லையான்னுகூட நெனப்பு இல்லை.

ஒரே தோணிங்க.

மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தவா? வேண்டாமா. சரி, பேனாவை எடுங்க. எடம் விட்டு வச்சுருக்கீங்கள்ல? எழுதிக்கங்க.

முத்துக்கருப்பன்.

கேட்டுச்சா? முத்துக்கருப்பன்தாங்க. அதுக்கு முன்னால லேட்டுன்னு ஒண்ணு போடுவீங்கள்ல, அதையும் போட்டுக்கங்க.