மறக்கடிச்ச நாக்கு

இல்ல அத்தை, உங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. ஊர்லேருந்து கட்டிட்டு வந்த புளி, பெருங்காயம், இடிச்ச பொடின்னு போட்டு, கீழ் வீடு வரைக்கும் மணக்கிற மாதிரிதான் குழம்பு வெச்சீங்க. உங்க புள்ளதான் ரெண்டு வாய் தின்னுட்டு தட்டைத் தள்ளிட்டு வேலைக்குப் போயிட்டாரு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

உக்காருங்க. நின்னுக்கிட்டே அழுதா முட்டி வலிக்கும்.

ஊருக்கே வந்துடுப்பா, என் பக்கத்துல இருன்னு நேத்து நீங்க கெஞ்சினது எனக்கும் கேட்டுச்சு. இந்த வீட்டுச் சுவரெல்லாம் மெல்லிசு. அங்க சாப்பாடு எனக்கு ஒத்துக்காதும்மா, நான் வரலன்னு அவரு சொன்னதும் கேட்டுச்சு. பெத்த வயிறு எரியத்தான் செய்யும்.

என் குழம்புல நான் என்ன போடுறேனா? சொல்றேனே, ஒளிக்க என்ன இருக்கு.

வந்த புதுசுல இந்த ஊர்க் காய் ஒண்ணும் எனக்குப் பிடிபடல. சேனைன்னு நெனச்சு ஏதோ ஒரு கிழங்கை வாங்கி, வேகவெச்ச தண்ணிய வடிக்காம வறுத்துப் போட்டுட்டேன். அவருக்குத் தொண்டையெல்லாம் அரிப்பு. உடனே உங்களுக்குத்தான் போன். ஸ்பீக்கர்ல போட்டாரு. அடுப்பங்கரைப் பக்கமே போகாதவளைக் கட்டிட்டு வந்துட்டோமேன்னு நீங்க சொல்ல, உங்க வீடே சிரிச்சுது. மறந்திருப்பீங்க. பரவால்ல, எனக்கு ஞாபகம் இருக்கு.

அப்புறம் சந்தையில ஒரு காய்க்காரி பழக்கமானா. பாஷை தெரியாது, கையாலதான் பேச்சு. அவ காட்டினதை எனக்குன்னு தனியா செஞ்சு பாத்துப் பழகினேன். இந்தச் செவப்புப் பழத்தை வாயில வெச்சுப் பாருங்க. நல்ல புளிப்பு, பின்னாடியே ஒரு துவர்ப்பு. இந்த விதையை வறுத்துப் பொடிச்சா மல்லி தோத்துடும். இந்தக் கீரை நாறும்தான், முகத்தைச் சுளிக்காதீங்க, எண்ணெயில பட்டா அடங்கிடும்.

ஒரேயடியா போட்டா கண்டுபிடிச்சிருப்பாரு. புளியை ஒரு சுளை குறைச்சு, பழத்தை ஒண்ணு கூட்டி, நாக்குக்கே தெரியாம வருஷக்கணக்கா மாத்தினேன். கொழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கிறோம்ல, அப்படித்தான். இப்ப நம்ம ஊர்ச் சாமான் ஒண்ணுகூட கிடையாது. அவருக்குத் தெரியாது. நீங்க அனுப்புற பொடின்னு நெனச்சுத்தான் சப்புக்கொட்டிச் சாப்பிடுறாரு. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கைமணம் போயிடுச்சுன்னு காலையில என்கிட்ட வருத்தப்பட்டுட்டுப் போனாரு.

நீங்க சிரிச்சதுக்காகவா? சேச்சே, அதுக்கெல்லாம் யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களா.

எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் டிக்கெட் போட்டு, பெட்டிகூட கட்டிட்டேன். நீங்கதான் போன்ல சொன்னீங்க. என் புள்ள வெளிச்சாப்பாட்டைத் தொடமாட்டான், நீ கெளம்பிட்டா பட்டினி கெடப்பான், உங்கம்மாவைப் பாத்துக்க அங்க நர்ஸுங்க இருக்காங்கல்லன்னு. அவரும் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டாரு. எங்கம்மா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். போயிட்டாங்கன்னு சேதி வந்தப்ப நான் உங்க புள்ளைக்கு ரசம் தாளிச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் அத்தை இது.