பென்டிரைவ் இல்லாத சனிக்கிழமை

ரஞ்சித்: கிளியூர் வரைக்கும் வந்தாச்சு. இனித் திரும்பியா போறது? நட ரஞ்சனி.

சிவரஞ்சனி: கால் வரமாட்டேங்குதுங்கண்ணா. காமாட்சியக்கா மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?

ரஞ்சித்: பென்டிரைவுல முழு லினக்ஸ் போட்டுக் குடுன்னு கேட்டப்ப மட்டும் நொம்ப தைரியமா இருந்தியே!

சிவரஞ்சனி: நான் வேலை பார்க்கற லாட்ஜ் கம்ப்யூட்டர்ல முதலாளிக்குத் தெரியாம பரீட்சைக்குப் படிக்கணும்னு கேட்டேன். சொருகினா என்னோடது, எடுத்தா அவரோட விண்டோஸ்னு நீங்கதானே சொன்னீங்க?

ரஞ்சித்: சொன்னேன்... லினக்ஸ் பென்டிரைவுக்குத்தான் போச்சு. கம்ப்யூட்டர எழுப்பிவிடற சின்ன புரோகிராம் துண்டு ஒண்ணு இருக்குது பாரு, அது மட்டும் லாட்ஜ் டிஸ்க்குல போய் உக்காந்துடுச்சு. இடம் மாத்திக் குடுக்க மறந்துட்டேன்.

சிவரஞ்சனி: அதான் பென்டிரைவ் இல்லைன்னா வெறும் கறுப்புத் திரை...

ரஞ்சித்: ஆமா. நீ அதையும் எடுத்துக்கிட்டு சேலத்துக்குப் பரீட்சை எழுதப் போயிட்ட. சனிக்கிழமை, சீசன் கூட்டம், ஒரு புக்கிங்கும் திறக்கல. காலைல கம்ப்யூட்டர் மேசை தொடச்சது காமாட்சியக்கா...

சிவரஞ்சனி: தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு முதலாளி அன்னைக்கே அக்காவ வேலைய விட்டு நிறுத்திட்டாரு. ஏனுங்கண்ணா, ரிப்பேருக்கு உங்களத்தானே கூப்பிட்டாங்க?

ரஞ்சித்: ம்.

சிவரஞ்சனி: பார்த்ததும் தெரியலீங்களா?

ரஞ்சித்: தெரிஞ்சுது. தண்ணி பட்டிருக்குமான்னு முதலாளி கேட்டாரு... பட்டிருக்கலாமுங்கன்னுட்டேன். கடைப் பேரு கெட்டுருமேன்னு பயம். எனக்கே அசிங்கமா இருக்குது. உனக்காவது எதுவும் தெரியாது...

சிவரஞ்சனி: எனக்கும் தெரியுமுங்கண்ணா. முந்தின நாள் வெள்ளிக்கிழமை பென்டிரைவ எடுத்துட்டு ஆன் பண்ணிப் பார்த்தேனுங்க. கறுப்பாத்தான் வந்துச்சு.

ரஞ்சித்: அடிப்பாவி! அப்புறமுமா எடுத்துட்டுப் போன?

சிவரஞ்சனி: படிச்சதெல்லாம் அதுலதானுங்களே இருந்துச்சு. சேலத்துல சித்தி ஊட்டு கம்ப்யூட்டர்ல ஒருக்கா பார்த்துக்கலாம்னு... பாஸாவது ஆனேனா? அதுவும் இல்ல.

ரஞ்சித்: நாலு மாசம்... ரெண்டு பேரும் வாயவே திறக்கல.

சிவரஞ்சனி: இந்த ஊடுதானுங்க. அக்கா... காமாட்சியக்கா!

காமாட்சி: அட, ரஞ்சனியா! வா கண்ணு. வாங்க தம்பி. எஸ்டேட்டுல களை வெட்டிட்டு இப்பத்தான் வந்தேன். கையெல்லாம் மண்ணு.

சிவரஞ்சனி: அக்கா... அன்னைக்குக் கம்ப்யூட்டர் கெட்டது உங்களால இல்லீங்க. நான்...

காமாட்சி: தெரியும் கண்ணு. வெள்ளிக்கிழமை மாடிப்படி கூட்டிட்டிருந்தேன். நீ அதைப் புடுங்கினதும், திரை கறுத்துப் போனதும், நீ சுத்தும்முத்தும் பார்த்துட்டுப் பையில போட்டதும் பார்த்தேன். பரீட்சை எழுதிட்டு நீயே வந்து சொல்லுவேன்னுதான் பேசாம இருந்தேன். திங்கக்கிழமை காலைல இருந்து லாட்ஜ் கேட்டுக்கிட்டயே நின்னேன்... நீ என்னையப் பார்த்துட்டு, பின்வாசல் வழியா உள்ள போயிட்ட.